அஞ்சாவது இலை

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த மூங்கில் நாற்காலியில உக்காருங்க, இயற்கையானது. நான் இந்தப் பிளாஸ்டிக் சேர்லயே இருந்துக்கறேன், எனக்கு முதுகு ஆகாது. விருந்தாளி யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா மட்டும் ஒரு சத்தம் குடுங்க, இதைத் தூக்கி உள்ள போட்டுரோணும்.

சர்டிபிகேட்டெல்லாம் அப்பறம் பார்த்துக்கலாம், மேசை மேல வைங்க. எம்.எஸ்ஸி. விலங்கியல், கோயமுத்தூர்லன்னு போன்லயே சொன்னீங்க. நல்லதுங்க. பறவை பேரெல்லாம் தெரியுமுங்களா? பட்டாம்பூச்சி? தெரியாட்டியும் பரவால்லைங்க, வர்றவங்களுக்கு மட்டும் என்ன தெரியுது? போன வாரம் ஒருத்தரு கொக்கைக் காட்டி நாரையான்னாரு. ஆமாங்கன்னேன். பத்து போட்டோ எடுத்துட்டு சந்தோசமாப் போனாரு.

நீங்க வந்ததுமே கேட்டீங்க, உங்களுக்கு முன்னாடி இந்த வழிகாட்டி வேலையில இருந்தவன் எதுக்குப் போனான்னு. கேக்க வேண்டியதுதான். வெளிய நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க, அதுக்கு எங்கிட்டயே கேட்டுக்குங்க. நான் ஒளிச்சுப் பேசற ஆளில்லைங்க.

அவன் பேரு மதிவாணன். மதின்னு கூப்பிடுவோம். இதே ஊருதான். ஊருன்னா காலனி. எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாதுங்க, ஒரு வெவரத்துக்குச் சொன்னேன். அவங்கம்மா நகராட்சியில கூட்டிப் பெருக்கி, சாக்கடை அள்ளி அவனைப் படிக்க வெச்சாங்க. உங்களாட்டமே கோயமுத்தூர்ல எம்.எஸ்ஸி. விலங்கியல். நான் அதை வர்ற விருந்தாளி ஒருத்தரு விடாம எல்லார்கிட்டயும் சொல்லுவேன். "இவரு யாரு தெரியுங்களா, இவங்கம்மா சாக்கடை அள்ளிப் படிக்க வெச்ச புள்ளை"ன்னு. பெருமையாத்தான் சொல்லுவேன். கேட்டவங்க கண்ணு கலங்கிப் போவாங்க. ஒருநாள் வந்து, "சார், அதைச் சொல்லாம இருக்கலாமுங்களா? பறவையைப் பத்திக் கேக்க வந்தவங்க எல்லாம் எங்கம்மாவைப் பத்தியே கேக்கறாங்க"ன்னான். பாருங்க, பெருமைப்படுத்துனாலும் குத்தம். தோப்புல எல்லாரும் என்னை ஐயாம்பாங்க, அவன் மட்டும் சார்னுதான் கூப்பிடுவான். அதுக்கும் நான் ஒண்ணும் சொன்னதில்லை.

வேலையில கெட்டிக்காரன், அதை இல்லைன்னு சொல்ல முடியாது. மரத்துல இலை அசையறதைப் பார்த்தே உள்ள என்ன பறவைன்னு சொல்லிருவான். இங்கிலீசு வெண்ணெயா வரும். கம்ப்யூட்டர்ல நம்ம விடுதியைப் பத்தி எழுதறவங்க எல்லாம் கட்டில் கடினம், குழம்பு காரம்னு என்னத்தையோ எழுதிட்டு, கடைசியில மதிக்காகவே மறுபடி வருவோம்னு முடிப்பாங்க. மண்ணு என்னுது, கட்டடம் என்னுது, வர்றது மதிக்காக. சரி, வந்தாச் சரின்னு விட்டுட்டேன்.

இந்த விடுதி வந்த கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது புரியும். ஏழு வருசத்துக்கு முன்னாடி இது பன்னெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அவ்வளவுதான். வெள்ளை ஈ விழுந்து மட்டையெல்லாம் கருத்துப்போயி, காய் சிறுத்துப்போச்சு. அப்பத்தான் அமெரிக்காவுல இருக்கற எம் பொண்ணு போன்ல சொல்லுச்சு. "அப்பா, இப்பெல்லாம் ஊர் சுத்தப் போறவங்க ஏசி ஓட்டல்ல தங்கறதில்லை. பூமிக்குக் கெடுதல் பண்ணாத எடமாத் தேடித் தங்கறாங்க. நம்ம தோப்புல கட்டுங்க"ன்னுது. நல்ல யோசனைதானுங்களே. எங்கப்பா கல்லும் சிமெண்டும் போட்டுக் கட்டுன களத்துவீடு ஒண்ணு இங்க நின்னுது, நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதை இடிச்சேன். ஜேசிபி ரெண்டு நாள் நின்னு இடிச்சுது. இடிச்ச கல்லு கட்டியெல்லாம் பக்கத்து ஓடையில தள்ளிட்டு, அதே எடத்துல பூமிக்குக் கெடுதல் இல்லாம ஆறு மண்குடிசை கட்டினேன்.

பெங்களூர்லேர்ந்து விக்ராந்த்துன்னு ஒரு ஆர்க்கிடெக்ட்டு. சுவத்துல வைக்கோல் தெரியோணும்னாரு. எங்க ஆளுக வைக்கோல் தெரியக்கூடாதுன்னு சாணி போட்டு மொழுகறாங்க, இவரு பின்னாடியே வந்து சொரண்டறாரு. மூணு நாள் இப்படியே போச்சு. கடைசியில, நம்ம ஊட்டுக்காரம்மாதான் சொல்லுச்சு, அவரு படிச்சவரு, சொரண்டட்டும் விடுங்கன்னு. நாங்க அந்தப் பக்கமிருக்கற மாடிவீட்ல இருக்கறோம். அதுல ஏசி இருக்குது, அது வேற. அது வீடு, இது விடுதி.

வர்றவங்க கேக்கற கேள்வி இருக்குதே, அடேங்கப்பா. சோப்பு என்ன சோப்பு, துவைக்கற தண்ணி எங்க போகுது, விறகு எந்த மரத்து விறகு. ஒரு தம்பி சென்னையிலேர்ந்து தனியா அவ்வளவு பெரிய காரை ஓட்டிட்டு வந்தாப்ல. எஞ்சினை அணைக்கலை, உள்ள ஏசி ஓடுது, கண்ணாடியை நாலு விரக்கடை எறக்கிக் கேக்கறாப்ல, "இங்க தங்குனா எனக்கு எவ்வளவு கார்பன் மிச்சமாகும்?" நான் மதியைக் கைகாட்டி விட்டுட்டேன். அவன் சிரிக்காம பதில் சொன்னான். அந்த விசயத்துல அவனுக்கு நல்ல பொறுமை.

இப்ப இலைக்கு வர்றேன். பசுமை விடுதிச் சங்கம்னு ஒண்ணு இருக்குது. சினிமாவுக்கு நட்சத்திரம் குடுக்கற மாதிரி அவங்க இலை குடுப்பாங்க. நமக்கு நாலு இலை வந்துருச்சு. மண் சுவரு, சூரிய வெளக்கு, உள்ளூர் சாப்பாடு, உள்ளூர் ஆளுங்களுக்கு வேலை, எல்லாத்துக்கும் சேர்த்து. அஞ்சாவது இலைதான் வரலை. அஞ்சு இலை இருந்தா வெளிநாட்டு ஏஜென்சிக்காரங்க நேரா உங்களுக்கே ஆள் அனுப்புவாங்க. நாலு இலைன்னா வால்பாறை போறவங்க வழியில ஒருநாள் தங்கிட்டுப் போற எடம், அவ்வளவுதான். அப்பவே சொல்லிருச்சு எம் பொண்ணு, அஞ்சு வரலைன்னா இதை மூடிட்டுத் தென்னையையே பாருங்கன்னு. அதனால அஞ்சாவது இலைன்னா எனக்கு உசிரு.

அது எதுல தடங்கிச்சுன்னு கேளுங்க. கக்கூசுல. கழிவு எதுவும் வெளிய போகப்படாது, தண்ணி வீணாகப்படாதுங்கறாங்க. விக்ராந்த்து உடனே ஒரு வழி சொன்னாரு. உலர் கழிப்பறை. தண்ணியே கெடையாதுங்க. போயி உக்காரணும், வேலை முடிஞ்சதும் பக்கத்துப் பெட்டியிலிருந்து ரெண்டு கை தேங்கா நார்த்தூளை அள்ளித் தூவோணும். நார்த்தூளுக்கு நம்ம பொள்ளாச்சியில பஞ்சமா? லாரி லாரியாக் கெடக்குது. கீழ தொட்டியில அது ஆறேழு மாசத்துல எருவாகிரும். காப்பித்தூளாட்டம் இருக்கும், மோந்து பார்த்தா மழை பெஞ்ச வாசம் வரும்னு ஒரு படம் போட்டுக் காட்டினாரு. படத்துல ஒரு வெள்ளைக்காரரு வெறுங்கையில அள்ளி மூக்குக்கிட்ட வெச்சுட்டுச் சிரிக்கறாரு. பார்க்கவே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆறு குடிசைக்கும் போட்டுட்டேன்.

வெள்ளைக்காரங்க வந்தாங்க, தூவிட்டுப் போயிட்டாங்க. நம்ம சனம் வந்தாங்க பாருங்க. நம்ம சனம் எதை வேணாலும் விடுவாங்க, தண்ணியை விடுவாங்களா? திருப்பூர்லேர்ந்து ஒரு பனியன் கம்பெனிக்காரரு குடும்பத்தோட வந்தவரு உள்ள இருந்தே சத்தம் போடறாரு, "ஏனுங்க, மூட்டை நிறைய நார்த்தூள் இருக்குது, சொம்பைக் காணமுங்களே!" கழுவறதுக்கு ரெண்டடி தள்ளித் தனியா ஒரு எடம் இருக்குது, அங்க நகர்ந்து உக்காந்துக்கோணும்னு போர்டு எழுதி வெச்சிருந்தோம். "பாதியில தள்ளி உக்காரச் சொல்றதுக்கு இதென்ன டவுன் பஸ்ஸுங்களா?"ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. இன்னொரு குடும்பம் தோட்டத்துக் குழாயை சன்னல் வழியா உள்ள இழுத்துப் புடிச்சிருந்தாங்க. ஊத்துறாங்க, ஊத்துறாங்க, அப்படி ஊத்துறாங்க. ஆறு மாசம் கழிச்சு உள்ள காப்பித்தூளா இருக்கும்?

என்ன கேட்டீங்க? நான் போயிருக்கேனாவா? எனக்கு வீட்ல இருக்குதுங்களே தம்பி.

தை மாசம் தொட்டி நிறைஞ்சுபோச்சு. மாசக் கடைசியில சங்கத்திலிருந்து பரிசோதனைக்கு வர்றாங்கன்னு கடிதாசியும் வந்துருச்சு. தொட்டியைத் திறந்து, இருக்கறதை அள்ளித் தென்னைக்குப் போட்டுக் காட்டினா அஞ்சாவது இலை. திங்கக்கிழமை காலையில வேலையாளுங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். புதன்கிழமைக்குள்ள பாதிப் பேரு பழனிக்கு மாலை போட்டுட்டாங்க! மரமேர்ற பொன்னான்னு ஒருத்தன், பதினஞ்சு வருசமாக் கோயில் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவன், அவன் கழுத்துலயும் மாலை, இடுப்புல பச்சை வேட்டி. கூப்பிட்டா "அரோகரா"ங்கறான். சாமியைப் போயித் தொட்டியில எறங்குன்னு எப்படிங்க சொல்றது? சமையக்காரம்மா, சோறாக்கற கையுங்கன்னுட்டாங்க. மாலையும் போடாம, சோறும் ஆக்காம இருந்தது மூணே பேரு. நானு, மதி, அப்பறம் செடி பார்க்கற கந்தசாமி. நான் முதலாளி. கந்தசாமி எங்க பெரியப்பன் பேரன்.

மதியைக் கூப்பிட்டேன். பக்குவமாத்தான் பேசினேன் தம்பி, அதிகாரம் பண்ணலை. "மதி, நீ விலங்கியல் படிச்சவன். புழு, பூச்சி, நுண்ணுயிரு இதெல்லாம் உம் பாடம். இதுல இருக்கற அறிவியல் மத்தவங்களுக்குப் புரியாது. நீ எறங்கிப் பண்ணுனா அது ஒரு ஆராய்ச்சி மாதிரி"ன்னேன்.

அவன் மெதுவாச் சொன்னான், "கந்தசாமி அண்ணன் பி.எஸ்ஸி. விவசாயங்க சார். எருன்னா அவரு பாடமுங்களே."

கேட்டீங்களா? கந்தசாமிக்குத் தூசி ஒத்துக்காது. அதை எடுத்துச் சொன்னேன். "தொட்டியில தூசி இல்லைங்க சார், வாங்க காட்டறேன்"னு கூட்டிட்டுப் போயி முதல் குடிசைத் தொட்டி மூடியைத் திறந்தான். நான் மூக்கைப் பொத்திட்டுப் பத்தடி தள்ளி நின்னு பார்த்தேன். நல்லாத்தான் இருந்துது. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லை மதி, இது வெறும் மண்ணு"ன்னேன்.

அவன் மூடியைச் சாத்திட்டு வந்தான். "நான் மாட்டேன்னு சொல்லலைங்க சார். எங்கம்மா எதுக்கு என்னைப் படிக்க வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்றீங்க. அந்த வேலை எனக்கு வரக்கூடாதுன்னுதான் அவங்க செஞ்சாங்க. இருந்தாலும் இது நல்ல காரியம், வெறும் மண்ணுன்னா எல்லாருமாச் செய்வோம். ஆறு தொட்டி, ஆளுக்கொண்ணு. முதல் தொட்டி உங்களுது, ரெண்டாவது என்னுது, மூணாவது கந்தசாமி அண்ணனுது. சாமிங்க மலையிறங்கி வந்து மீதியைப் பார்க்கட்டும். முறை எழுதி மாட்டிரலாங்க"ன்னான்.

எனக்குக் கோவம் வந்துது, வராம இருக்குமா? ஆனா நான் யோசிக்கறவன். போர்டு மாட்டுனா என்ன, மாட்டட்டுமே. போர்டுல பேரு இருந்தாத் தொட்டியில எறங்கோணும்னு சட்டமா? இந்த ஆபீஸ் சுவத்துல பதினஞ்சு போர்டு இருக்குது பாருங்க, பிளாஸ்டிக் தவிர்ப்போம்னு கூட ஒண்ணு இருக்குது. எழுதிக்கன்னுட்டேன். முத்து முத்தா எழுதி அந்தக் கதவுக்கு மேல மாட்டினான். எல்லார் பேருக்கு நேராவும் ஒரு தேதி. அந்தத் தேதியை நான் படிக்காம விட்டதுதான் தப்பாப் போச்சு.

பரிசோதனைக்கு வந்தது மைதிலின்னு ஒரு மேடம், சென்னையிலேர்ந்து. காட்டன் சேலை, தோள்ல துணிப்பை, கூடவே கேமராக்காரரு. சுவத்தைத் தட்டிப் பார்த்தாங்க, சமையக்கட்டை எட்டிப் பார்த்தாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. ஆபீசுக்குள்ள வந்ததும் அந்தப் போர்டு முன்னாடி நின்னவங்க நகரவே இல்லை. "சாமியப்பன் சார், முதல் பேரு உங்க பேரா? நீங்களே எறங்கிச் சுத்தம் பண்ணுவீங்களா?"ன்னாங்க.

வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஆமாங்க மேடம். பூமிக்குச் செய்யற வேலையில முதலாளி என்ன, தொழிலாளி என்ன?"ன்னு ஒரு போடு போட்டேன். மேடத்துக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "எத்தனையோ விடுதி பார்த்துட்டேன், முதலாளி பேரு முதல்ல இருக்கற போர்டை இப்பத்தான் பார்க்கறேன்"னாங்க. அப்பறம் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு, "அட, தேதி இன்னைக்குத்தானே போட்டிருக்குது!"ன்னாங்க.

வேற வழியில்லாம நானும் அவங்க கூடவே நடந்தேன் தம்பி. தொட்டிக்கிட்டப் போறதுக்குள்ள ஊரே கூடிருச்சு. பச்சை வேட்டிச் சாமிங்க வரிசையா நிக்கறாங்க, சமையக்காரம்மா கரண்டியோட நிக்கறாங்க, மாடிவீட்டுச் சன்னல்ல நம்ம ஊட்டுக்காரம்மா நிக்குது. மம்புட்டியைக் காணம், நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்றதுக்குத்தான் வாயைத் திறந்தேன். மதி மம்புட்டியை நீட்டறான். கையுறை, முகமூடி, முழங்கால் வரைக்கும் பூட்ஸு, எல்லாம் புதுசு, எனக்குன்னு அளவாப் பார்த்து வாங்கி வெச்சிருக்கறான். நான் காதோட சொன்னேன், "மதி, நீ ஆரம்பிச்சு வையி, மேடம் பார்க்கட்டும்"னு. அவன் எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்றான், "என் முறை அடுத்த வாரமுங்க சார். அன்னைக்கு நான் செய்வேன்."

செஞ்சான்தான், அதை மறைக்கக்கூடாது. அடுத்த வாரம் யாரையும் கூப்பிடாம அவன் தொட்டியை ஒத்தையா முடிச்சான். கேமரா இல்லை, மேடம் இல்லை. நான் கூட அன்னைக்குக் கல்யாண வேலையா வெளிய போயிட்டேன்.

ஆனா அன்னைக்கு நான்தானே மாட்டிக்கிட்டேன். அஞ்சாவது இலை கண்ணு முன்னாடி நிக்குது. முகமூடியைப் போட்டுட்டு எறங்கினேன். மூணு மம்புட்டி அள்ளினேன் தம்பி. அந்த வாசம் இன்னும் மூக்கை விட்டுப் போகலை. ஒரு வாரம் சோறு எறங்கலை. மழை பெஞ்ச வாசமாம், அந்த வெள்ளைக்காரன் எந்த ஊரு மழையில நனைஞ்சானோ. நாலாவது மம்புட்டிக்கு முதுகு புடிச்சுக்கிச்சு, நெசமாவே. அதுக்குள்ள கேமராக்காரருக்கு வேண்டியது கெடைச்சிருச்சு.

வீட்டுக்குப் போனா ஊட்டுக்காரம்மா வாசல்லயே நிறுத்திருச்சு. பின்பக்கம் மோட்டாரைப் போட்டு விட்டு, தண்ணித்தொட்டி காலியாகற வரைக்கும் குளிக்க வெச்சுது. மஞ்சத்தண்ணி தெளிச்சுது. கட்டியிருந்த வேட்டியைத் தென்னை மரத்தடியில போட்டு எரிச்சுது. அன்னைக்கு ஊத்துன தண்ணி ஆறு குடிசைக்கு ஒரு வாரத்துக்குக் காணும். அதுக்கு யாரு இலை புடுங்கறது, நல்லவேளை மேடம் போயிட்டாங்க.

அஞ்சாவது இலை வந்துருச்சுங்க. அதோ கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. அதோட நின்னிருந்தா நல்லது. அவங்க சங்கத்துப் பத்திரிகையில அட்டைப்படம் போட்டுட்டாங்க. நானு, மம்புட்டி, தொட்டி. கீழ கொட்டை எழுத்துல, "கையில் மண்வெட்டி, நெஞ்சில் பூமி". எம் பொண்ணு அதை அமெரிக்காவுலேர்ந்து குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டு விட்டுருச்சு. பெருமையாத்தான் போட்டுது. நம்ம சொந்தபந்தம் முந்நூறு பேரு அதுல இருக்கறாங்க. ஒருத்தர் கூட வாயைத் திறக்கலை. கட்டைவெரலைக் கூடத் தூக்கலை.

அடுத்த மாசம் எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம். நாப்பது வருசமா எங்க வகையறாவுல எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியில சோத்துல கரண்டி வெக்கறது நான்தானுங்க. எங்கப்பாவுக்கு அப்பறம் எனக்கு வந்த முறை. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் போயிக் கரண்டியை எடுத்தேன். சின்னப்பையன் ஒருத்தன், எங்க தம்பி மகன், வந்து கரண்டியை வாங்கிட்டான். "பெரியப்பா, நீங்க உக்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்"ங்கறான். சிரிச்சுட்டேதான் சொல்றான். நான் வாளியைத் தொட்டேன், இன்னொருத்தர் வாளியை நகர்த்திட்டாரு. திரும்பிப் பார்க்கறேன், பந்தியில உக்காந்திருக்கற எங்க சித்தி என் கையைப் பார்க்கறாங்க. மூஞ்சியைப் பார்க்கலை தம்பி, கையைப் பார்க்கறாங்க.

நெஞ்சு வெந்துபோச்சுங்க எனக்கு. மூணே மூணு மம்புட்டி. அதுவும் கையுறை போட்டுட்டு. எத்தனை சோப்பு, எத்தனை குளியல், எத்தனை நாளாச்சு! ஒரு மனுசன் கையைப் பார்த்து இன்னொரு மனுசன் மூஞ்சியைச் சுளிக்கறதா? இது என்னங்க நியாயம்? அவன் என்ன வேலை செஞ்சா என்ன, கழுவுனா கையி கையிதானுங்களே? எந்தக் காலத்துல இருக்கறோம்? சாப்பிடாமயே வந்துட்டேன். கார்ல வர்றப்ப அழுதேன், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

அடுத்த நாள் காலையில மதியைக் கூப்பிட்டு நல்லாக் கேட்டுட்டேன். உன்னாலதான்டா எனக்கு இந்தக் கேவலம், நீ அந்தப் போர்டை மாட்டாம இருந்திருந்தா என் கைக்கு இந்த அவமானம் வந்திருக்குமான்னு. பந்தியில நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். அவன் குறுக்கப் பேசாம எல்லாத்தையும் கேட்டான். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டான். "உங்களுக்கு அது ஒரு நாளுங்களா சார்?"

ஒரு நாள்தான், ஒரே பந்திதான்னேன். ஒரு நாள்னா வலிக்காதா? அது என்ன கேள்வின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.

நானும் பெருந்தன்மையா விட்டுட்டேங்க. வேலையை விட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஏற்கெனவே ரெண்டு தொட்டி திறந்தாச்சு, மீதி நாலு அப்படியே இருக்குது, நீயே பழகிட்டே, இனிமே பறவை காட்டறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திட்டு முழுநேரமா இதைப் பாருன்னு மட்டும் சொன்னேன். சம்பளத்துல ஒரு பைசா குறைக்கலை. சாயங்காலம் வந்து சாவியைக் குடுத்தான். பைனாகுலரு எனக்குச் சொந்தமானது, அதைத் துடைச்சு உறையில போட்டு மேசை மேல வெச்சான். போர்டைக் கழட்டட்டுங்களா சார்னான். வேண்டாம், அதைப் பார்த்துத்தான் இலை குடுத்தாங்க, அது இருக்கட்டும்னேன். போயிட்டான். இப்ப மூணாறுப் பக்கம் யாரோ பறவைக் கணக்கு எடுக்கறவங்களோட இருக்கறானாம். வர்றவங்க இன்னும் மதி எங்கேன்னு கேக்கறாங்க. மேல்படிப்புக்குப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

இதான் தம்பி நடந்தது. நீங்களே சொல்லுங்க, என் மேல ஏதாச்சும் தப்பு இருக்குதா?

இப்ப வேலைக்கு வர்றேன். இலையை மறுபடி புதுப்பிக்கோணும், அடுத்த மாசம் மேடம் வர்றாங்க. திறந்த ரெண்டும் மறுபடி நிறைஞ்சு, ஆறு தொட்டியும் ரொம்பி நிக்குது. அதனால வழிகாட்டி வேலைன்னு விளம்பரத்துல போட்டிருந்தாலும், காலையில பறவை, மத்தியானத்துக்கு மேல தொட்டி. ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்லைங்க. இது சுற்றுச்சூழல் சேவை. உங்க படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கெடைக்காது. நானே எறங்கி அள்ளுனவன், அட்டைப்படம் இருக்குது, வேணும்னாப் பாருங்க. பூமிக்குச் செய்யற வேலையில ஏத்தம் ஏது, தாழ்வு ஏது? யாரு வேணாலும் செய்யலாம். நாளைக்கே சேர்ந்துக்குங்க.

இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன், உங்க விண்ணப்பத்தை இன்னும் நான் பிரிச்சே பார்க்கலை. பேரு யுகேந்திரன். இந்தக் காலத்துப் பேரை வெச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியறதில்லை. அப்பா பேரு வேலுச்சாமி. முகவரி... மேட்டுத்தோட்டம். எந்த மேட்டுத்தோட்டம்? ஆனைமலை ரோட்டுல, நாலு களம் போட்டுத் தேங்காப்பருப்பு காயவெக்கறாங்களே, அந்த மேட்டுத்தோட்டமா? அந்த வேலுச்சாமி மகனா நீங்க?

அட, இதை வந்ததுமே சொல்லியிருக்கக்கூடாதுங்களா! உங்க அத்தையைத்தானே எங்க பெரியப்பன் வீட்ல கட்டியிருக்குது! அப்ப நீங்க எனக்கு மாப்ள முறையாகுதுங்க. எந்திரிங்க, எந்திரிங்க, அந்த மூங்கில் குத்தும், மாடிவீட்டுக்கு வாங்க, ஏசியில உக்காந்து பேசலாம். ஏனுங்கம்மா, மேட்டுத்தோட்டத்து மாப்ள வந்திருக்கறாரு, காப்பி வையி!

இல்லைங்க மாப்ள, அந்தத் தொட்டிப் பேச்சை விடுங்க. அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லைன்னு வெச்சுக்குங்க. நீங்க பறவையை மட்டும் காட்டுங்க, போதும். அதுக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன். உங்களைப் போயி அதுல எறக்கிட்டு, நாளைக்கு உங்கப்பா மூஞ்சியில நான் எப்படி முழிக்கறதுங்க?